கீழே இருப்பவள் கேட்கிறாள்

வேலையால் வந்த அன்புராசா கராஜ் பக்கத்துக் கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, குசினிக்குள் ஒரு பெண் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். அது அவருக்குப் புதினமாகப் படவில்லை. அந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகிறது. பாதர்ஸ்ட் வீதியின் அந்தப் பக்கத்தில் அயலவரில் பாதிப் பேர் ரஷ்யர்கள். மனைவி பேர்ணடெற் யாரோ ஒருத்தியை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறாளாக்கும் என்றுதான் நினைத்தார்.

அந்தப் பெண் சொல்வது அவருக்கு விளங்கியது. எண்பதுகளில் லெனின்கிராட்டில் ஆறு வருஷம் பொறியியல் படித்தவர் அவர். அந்தப் படிப்பைக் கனடாவில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மிசிசாகாவில் விமான நிலையத்துப் பெட்டிகள் ஓடுகிற இயந்திரங்களைத் திருத்துகிற வேலையில்தான் வயது போயிற்று. மொழி மட்டும் எங்கேயோ ஒரு மூலையில் கிடந்திருக்கிறது.

"வாளியை மெதுவாக இறக்கு. இங்கே கூரை மெல்லியது" என்றது குரல்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும்: "மேலே இன்னும் பனி கொட்டுகிறதா? அம்மா விளக்கேற்றிவிட்டாளா?"

இதென்ன பேச்சு என்று யோசித்துக்கொண்டே அன்புராசா உள்ளே போனார். குசினியில் விருந்தாளி எவரும் இல்லை. பேர்ணடெற் தனியே சிங்க் தொட்டியடியில் நின்று இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது. அவளுடைய வாய்தான் அசைந்துகொண்டிருந்தது. குரல் அவளுடையதுதான், ஆனால் அவள் பேசுகிற மாதிரி இல்லை. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைப்பதுபோல, நிதானமாக வந்தது. ஜன்னலால் வந்த பகல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண் இறாலிலேயே இருந்தது. கை பிசகாமல் ஓட்டைக் கழற்றியது.

அவர் எட்டிக் குழாயைப் பூட்டினார். பேச்சு நின்றது.

"எப்ப வந்தனீங்கள்?" என்று பேர்ணடெற் தமிழில் கேட்டாள்.

அவர் யாரோடு பேசினாய் என்று கேட்டதற்கு, தான் யாரோடும் கதைக்கவில்லை என்றாள். ரஷ்ய மொழியில் கதைத்தாய் என்றபோது சிரித்துவிட்டாள். அவளுக்கு ரஷ்யனில் வணக்கம் சொல்லவும் தெரியாது. பிறகு நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்து, பல்லெல்லாம் ஐஸ் கடித்த மாதிரிக் கூசுகிறது என்றாள்.

அடுத்த கிழமை மூன்று தரம் அது நடந்தது. எப்போதும் தண்ணீர் ஓடும்போதுதான். அரிசி கழுவும்போது ஒருக்கால், பூக்கன்றுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது ஒருக்கால். ஒட்டாவாவில் இருக்கிற மகள் ஸ்டெபனிக்குச் சொன்னபோது, அதை போனில் பதிந்து அனுப்பச் சொன்னாள். அவர் பதிந்தார். அதைப் பேர்ணடெற்றுக்குப் போட்டுக் காட்டிய அன்றுதான் அவள் நம்பினாள். தன்னுடைய குரல் தனக்குத் தெரியாத மொழியில் ஓடுவதைக் கடைசிவரை இருந்து கேட்டாள். கேட்டு முடிந்ததும், இது என்ன சொல்கிறது என்று மட்டும் விசாரித்தாள். அன்புராசா சொன்னார். ஒரு ஆறு உறைந்து கிடக்கிறது. தண்ணீர் அள்ள வருகிறவர்களுக்காக ஐஸில் ஒரு துவாரம் வெட்டியிருக்கிறது. அந்தத் துவாரத்துக்குக் கீழே ஒரு சிறுமி இருந்து மேலே நிற்கிற அக்காவோடு கதைக்கிறாள். அக்கா கிழவியாகிவிட்டாள். "எனக்கு முடி நரைத்துவிட்டது, உன் பின்னல் இன்னும் அவிழவில்லை" என்கிறாள்.

டொக்டர் மூளைப் படம் எடுப்பித்தார். அதில் ஒன்றுமில்லை. மாதா கோயிலில் சொல்லி, சுவாமியார் வந்து அறைக்கு அறை தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் பின்னேரம் அவள் சட்டி கழுவும்போது கீழே இருந்தவள் மறுபடியும் கேட்டாள்: "என் பங்கு ரொட்டியை யார் சாப்பிட்டது?"

அன்புராசாவுக்கு அது கவிதை என்பது தெரிந்துவிட்டது. யாருடையதாக இருக்கும் என்பதும் ஓரளவு தெரிந்தது. அந்த வீட்டில் முன்பு இருந்தவர் ரயீசா ஒகுநேவா என்றொரு கவிஞர். வீடு வாங்கிய புதிதில் பக்கத்து வீட்டுக் கிழவர்தான் அதைச் சொன்னார். லெனின்கிராட்டில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவராம். அவருடைய கவிதைகளை ஆட்கள் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சுச் செய்து கைக்குக் கை கொடுத்து வாசித்தார்களாம். அதற்காக வேலை போய், வடக்கே மரம் வெட்டுகிற ஊரொன்றுக்கு அனுப்பப்பட்டு, எழுபதுகளின் கடைசியில் மகளோடு இங்கே வந்து சேர்ந்தார். ரொறன்ரோவில் ஒரு பேக்கரியில் பாண் சுற்றிக் கொடுத்துக்கொண்டு மூன்று புத்தகம் போட்டார்.

அன்புராசா நூலகத்தில் தேடி அந்த மூன்றையும் எடுத்து வாசித்தார். அதே எடைபோட்ட சொற்கள்தான், ஈரமில்லாத குரலும் அதேதான். ஆனால் ஆற்றுக்குக் கீழே இருக்கிற சிறுமி எந்தப் பக்கத்திலும் இல்லை.

வீட்டை விற்றுத் திறப்பைக் கையில் தந்தது ஒகுநேவாவின் மகள் கலீனா. மிசிசாகாவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்பவர். அன்புராசா அவருக்கு போன் எடுத்து, உங்கள் தாயாரின் கவிதை விஷயமாகச் சந்திக்க வேண்டும் என்றார். டிசம்பரில் ஒரு மத்தியானம் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கோப்பிக் கடையில் இருவரும் சந்தித்தார்கள். அவர் போனை மேசையில் வைத்துப் பதிவைப் போட்டார்.

கலீனா முதலில் கோபப்பட்டார். அம்மாவின் ஒலிநாடா ஏதோ வீட்டில் கிடந்து எடுத்திருக்கிறீர்கள், அதை வேறு யாரோ பெண்ணைக் கொண்டு வாசிப்பித்திருக்கிறீர்கள் என்றார். அன்புராசா நடந்ததை நடந்தபடி சொன்னார். கலீனா இன்னொரு தரம் போடச் சொன்னார். இரண்டாம் தரம் கேட்கும்போது கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்க மறந்துபோனார்.

அம்மாவுக்கு ஆஸ்யா என்று ஒரு தங்கை இருந்தாள் என்றார் பிறகு. சிறு வயதில் இரண்டு பேரும் வாளி எடுத்துக்கொண்டு ஆற்றுக்குத் தண்ணீர் அள்ளப் போயிருக்கிறார்கள். ஐஸ் உடைந்து ஆஸ்யா உள்ளே போய்விட்டாள். உடல் கிடைக்கவேயில்லை. அம்மா அதைத் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தரம்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார். அதை ஏன் எழுதவில்லை என்று கலீனா கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்தான் விசித்திரம். ஆஸ்யா இன்னும் சம்மதிக்கவில்லை என்றாராம்.

அன்புராசா தலையைக் குனிந்துகொண்டு, உங்கள் தாயார் எப்போது காலமானார் என்று கேட்டார்.

"அம்மா சாகவில்லையே" என்றார் கலீனா.

ஒகுநேவா உயிரோடுதான் இருந்தார். மூன்று வருஷத்துக்கு முந்தி மூளையில் இரத்தம் உறைந்து, பேச்சுப் போய், அந்த வீட்டிலிருந்து பத்து நிமிஷக் கார் ஓட்டத்தில் இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருந்தார். அவ்வளவு சொல் வைத்திருந்த மனுஷிக்கு ஒரு சொல்தான் மிஞ்சியது. நியெத். இல்லை என்று அர்த்தம். பசிக்கிறதா என்றாலும் நியெத், மகள் வந்திருக்கிறேன் என்றாலும் நியெத்.

"இப்போது கொஞ்ச நாளாக இன்னொரு சொல்லும் சொல்கிறார். குளிர் தொடங்கியதிலிருந்து" என்றார் கலீனா. "சீமோன். யாரோ ஒரு ஆணின் பெயர். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவரும் இல்லை. பழைய சிநேகிதர்களை எல்லாம் கேட்டுவிட்டேன். நீங்கள் புத்தகங்களை வாசித்தீர்களே, அதில் எங்கேயாவது வருகிறதா?"

வரவில்லை என்றார் அன்புராசா. அவருக்கும் சீமோன் என்று எவரையும் தெரியாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பேர்ணடெற்றுக்குச் சொன்னார். அந்தக் கிழவி உயிரோடு இருக்கிறார் என்றபோது அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சீமோன் என்ற பெயரைச் சொன்னபோது எழும்பிப்போய்த் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். அதுவரை இந்த விஷயத்தில் எங்கேயும் வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவள், "போய்ப் பாப்பம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேரே போனார்கள். கலீனா வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போனார். அறையில் கிழவி ஜன்னலைப் பார்த்தபடி சக்கர நாற்காலியில் இருந்தார். கட்டையாக வெட்டிய வெள்ளை முடி. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. வெளியே கார் தரிப்பிடம் முழுவதும் பனி மூடிக் கிடந்தது. கலீனா நாற்காலியைத் திருப்பி, இவர்கள்தான் நம்முடைய பழைய வீட்டில் இருப்பவர்கள் என்று அறிமுகப்படுத்தினார்.

கிழவி அன்புராசாவைப் பார்க்கவில்லை. பேர்ணடெற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய் திறந்தது.

"சீமோனுக்குக் குளிருது" என்றார்.

தமிழில் சொன்னார். பேர்ணடெற்றின் ஊரான மன்னார்ப் பக்கத்து இழுவையோடு, தெளிவாகச் சொன்னார்.

கலீனாவின் காதில் பெயர் மட்டும்தான் விழுந்தது. பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன் என்றார். பேர்ணடெற் முன்னால் போய், தன் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து இரண்டாக மடித்துக் கிழவியின் மடியில் விரித்தாள். ஓரங்களை உள்ளே செருகிவிட்டாள், பிறந்த பிள்ளையைச் சுற்றுவதுபோல. கிழவியின் நல்ல கை மெல்ல எழும்பி அந்தச் சால்வைக்குமேல் வந்து, அதற்குள் ஏதோ கிடப்பதுபோல அணைத்துக்கொண்டது.

அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் பேர்ணடெற்தான் தொடங்கினாள்.

"அது எங்கட மூத்தவன்" என்றாள்.

அவர்களுக்கு ஸ்டெபனிக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்தது. அது அன்புராசாவுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு அவர் கனடாவுக்கு வந்துவிட்டார். ஊரில் சண்டை மறுபடி தொடங்கியது. பேர்ணடெற் ஒரு மாதமும் ஆகாத ஆண்பிள்ளையோடு மன்னார் பேசாலையில் வள்ளம் ஏறி இராமேஸ்வரத்துக்குப் போனாள். வழியில் பிள்ளை காய்ச்சலில் இறந்தது. கடலில்தான் விட்டார்கள். மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்த கடிதத்தில் அவ்வளவும் இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க முன்பே போய்விட்டது, பெயர் வைக்கவில்லை என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பிள்ளையை அவர்கள் மூத்தது என்றே சொல்லிவந்தார்கள். அதையும் எப்போதாவதுதான் சொன்னார்கள்.

"சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம்" என்றாள் பேர்ணடெற். "நான் கடல் தண்ணியை அள்ளி விட்டனான். சீமோன் எண்டு பேர் வைச்சனான். வாய்க்குள்ளதான் சொன்னன். பக்கத்தில இருந்தவைக்கும் கேட்டிராது. அதுக்குப் பிறகு இண்டுவரைக்கும் நான் அதைச் சொன்னதில்லை."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருக்கால் கூப்பிட்டுப் பாப்பியள். அவன் திரும்பிப் பாக்கமாட்டான்."

அன்புராசா காரை ஒரு கடை வாசலில் நிறுத்தினார். பிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். அவள் தடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார்கள். முதலில் போக வேண்டும் என்றது பேர்ணடெற்தான். கலீனா மடிக்கணினியோடு வந்து இருப்பார். அறையோடு சேர்ந்த குளியலறையில் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பேர்ணடெற்றின் முகம் தளரும், ரஷ்ய மொழி வரத் தொடங்கும். அவள் சொல்லச் சொல்லக் கலீனா தட்டச்சுச் செய்வார். கிழவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாம் ஞாயிறு ஒரு விஷயம் நடந்தது. "கறுத்த தண்ணீர்" என்று ஒரு வரி வந்தது. கிழவி கண்ணைத் திறந்து, நியெத் என்றார். பேர்ணடெற் நின்றாள். தலையைக் கொஞ்சம் சரித்து, யாரோ காதில் சொல்வதைக் கேட்பவள்போல நின்று, "பார்வையில்லாத தண்ணீர்" என்றாள். கிழவி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அப்படித்தான் வேலை நடந்தது. பத்து வரிக்கு ஒருக்கால் நியெத் வரும். பேர்ணடெற் சொல்லை மாற்றுவாள். சில சொல்லுக்கு நாலைந்து தரம் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு அக்ஷரமும் விளங்காத ஒருத்தியும் ஒரு சொல்லுக்குமேல் சொல்ல முடியாத ஒருத்தியும் கவிதை திருத்திக்கொண்டிருப்பதைப் பார்க்க அன்புராசாவுக்குப் பயமாக இருக்கும். என்றாலும் அவர் ஒரு நாளும் போகாமல் விடவில்லை. முடிந்ததும் பேர்ணடெற்றுக்குச் சுடுதண்ணீர் கொடுக்க வேண்டும். பல் கிட்டிப்போய் இருப்பாள். வீட்டுக்கு வருகிற வழியில், இன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பாள். அவர் வரி வரியாகத் தமிழில் சொல்வார்.

கிழவி அந்த நாட்களில் சீமோன் என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். சால்வை மட்டும் மடியை விட்டு அகலவில்லை. தாதிமார் அதைத் தோய்க்கவென்று எடுத்தால் சத்தம் போட்டாராம். சீமோன் யார் என்று அன்புராசா கலீனாவுக்குச் சொல்லிவிட்டார். கலீனா அடுத்த முறை வரும்போது பேர்ணடெற்றுக்கு ஒரு புதுச் சால்வை வாங்கி வந்தார்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, கவிதையில் அதுவரை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஆஸ்யா கேட்பதை நிறுத்தினாள். பேர்ணடெற்றின் வாயிலிருந்து வந்தது இது:

அக்கா, இங்கே ஒரு பிள்ளை வந்திருக்கிறான்.
எங்கள் ஆற்றுப் பிள்ளையில்லை, உப்பு மணக்கிறது.
கறுத்தவன். நம்முடைய பேச்சுத் தெரியாது.
போர்வையோடு வந்தான், குளிரவில்லை.
விரலைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டான்.
நீ இனி வாளி கொண்டு வராதே,
எனக்கு நேரமில்லை.
இவனுக்கு நடை பழக்குகிறேன்.

கலீனாவின் விரல்கள் நின்றுபோயின. அவர் அன்புராசாவைப் பார்த்தார். இருவருக்கும்தான் அது விளங்கியது. பேர்ணடெற் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி வெறுமனே நின்றாள். இரண்டு பேரும் கிழவி நியெத் சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. நித்திரையாகிவிட்டிருந்தார்.

அன்று காரில் பேர்ணடெற் வழக்கம்போலக் கேட்கவில்லை. அன்புராசாவும் சொல்லவில்லை.

ஒகுநேவா அந்தக் கிழமையே இறந்தார். நித்திரையிலேயே போய்விட்டார் என்று கலீனா போனில் சொன்னார். அடக்கம் ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே ஒரு சேமக்காலையில் நடந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர், பேக்கரியில் கூட வேலை செய்த இரண்டு பெண்கள், கலீனா, இவர்கள் இருவர். நிலம் இறுகிக் கிடந்ததால் இயந்திரம் வைத்துக் குழி வெட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் அம்மாவின் கையடியில் அந்தப் பழைய சால்வையை வைத்துவிட்டேன், திருப்பித் தரவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார் கலீனா. கவிதையை அம்மாவின் பெயரில் அச்சில் கொண்டுவர எண்ணியிருக்கிறேன், அதற்குப் பேர்ணடெற்றின் சம்மதம் வேண்டும் என்றும் கேட்டார். அன்புராசா மொழிபெயர்த்துச் சொன்னதும் பேர்ணடெற் கலீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அது என்ரை இல்லை என்றாள்.

கிழவி இறந்த நாளிலிருந்து அவள் வாயில் ஒரு ரஷ்யச் சொல்லும் வரவில்லை. தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் வரவில்லை.

சேமக்காலையிலிருந்து திரும்பும்போது பாதர்ஸ்டில் ஒரே வாகன நெரிசல். ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. பேர்ணடெற் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"கடைசியாப் போன அண்டைக்கு நான் என்ன சொன்னனான்?" என்று கேட்டாள்.

அன்புராசா சொன்னார். முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, ஒரு வரியும் விடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். உப்பு மணத்தைச் சொன்னார். போர்வையைச் சொன்னார். விரலைப் பிடித்ததைச் சொன்னார். நடை பழக்குவதைச் சொன்னார்.

பேர்ணடெற் அழவில்லை. கண்ணாடிக்கு வெளியே நடைபாதையில் போகிற ஆட்களைப் பார்த்தபடி இருந்தாள்.

"நடக்கிறானாமோ?"

அவர் யோசித்தார். ஓம், நடக்கிறான் என்று சொல்லியிருக்கலாம்.

"அது சொல்லேல்லை. பழக்கிறாவாம். அவ்வளவுதான் கிடக்கு."

"அப்ப இன்னும் விழுந்து விழுந்துதான் எழும்புவான்" என்றாள் பேர்ணடெற்.